கார்டிசோல் இறங்கிவிட்டது, அச்சம் ஏன் இறங்கவில்லை?

வாசகர் கேள்வி:

விலங்குக் காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களிடம் வந்த பெண் நாய் ஒன்றுக்கு முதல் வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் மிக உயர்ந்திருந்தது. சில மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் நாய் மாறவில்லை. பழகியவர்களிடம் நன்றாக இருக்கிறது; புதியவர் யாரேனும் வந்தாலோ, இரும்புக் கதவு ஓசையுடன் மூடப்பட்டாலோ நடுங்கிக்கொண்டே மூலையில் ஒடுங்கிவிடுகிறது. வெகுநேரம் வெளியே வருவதில்லை. "ஹார்மோன் சரியாகிவிட்டது, இனி இது வெறும் பழக்கம், கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார்கள் உடன் பணியாற்றுபவர்கள். மன அழுத்த ஹார்மோன்களை மூளையின் நியூரோபெப்டைடுகள்தான் ஆள்கின்றன என்று படித்தேன். அவை எப்படி வேலை செய்கின்றன? எங்கள் நாயின் நிலையை அவற்றைக்கொண்டு விளக்க முடியுமா? நெருக்கத்தின் ஹார்மோன் எனப்படும் ஆக்ஸிடோசினை மூக்கில் தெளித்தால் பலன் கிடைக்குமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

"வெறும் பழக்கம்" என்ற தீர்ப்பை ஏற்காதீர்கள். கார்டிசோல் இயல்பாக இருக்கும் ஒரு விலங்கின் மூளை, முன்னெப்போதையும்விட எளிதில் பதறக்கூடியதாக இருக்க முடியும். இது ஆய்வகங்களில் பல முறை காட்டப்பட்ட ஒன்று. நீங்கள் விவரிக்கும் நடத்தை அதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. பழகியவற்றில் அமைதி, புதியவற்றில் பேரச்சம், பிறகு மீள்வதற்கு நெடுநேரம்: இந்த மூன்றும் சேர்ந்து வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதவு மூடப்படும் ஓசை கேட்டவுடன் அந்த நாயின் உடலில் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். முதலில் நரம்புகள் வழியாகவே, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதிக்குச் செய்தி போகிறது; சில நொடிகளில் அட்ரீனலின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுப்பது, கண்மணி விரிவது எல்லாம் இதனால். இதற்குக் கார்டிசோல் தேவையில்லை. அதே நேரத்தில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில், மூன்றாம் மூளையறையின் இரு பக்கமும் உள்ள பாராவென்ட்ரிகுலர் தொகுதியில் இன்னொரு வேலை தொடங்குகிறது. அங்கிருக்கும் ஒரு வகை நியூரான்கள், எலியில் எண்ணினால் சில ஆயிரம் மட்டுமே, தங்கள் நுனிகளிலிருந்து சி.ஆர்.எச். என்னும் பெப்டைடை வெளியிடுகின்றன. கார்டிகோட்ரோபினை வெளியேற்றும் ஹார்மோன் என்பதன் சுருக்கம் அது. அது மயிரிழை போன்ற நுண்நாளங்களில் இறங்கி, மிகக் குறுகிய தொலைவு பயணம் செய்து, மூளைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பியான பிட்யூட்டரியின் முன்மடலை அடைகிறது. அங்குள்ள செல்கள் ஏ.சி.டி.எச். என்ற 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணிக்குப் போய், கொலஸ்டிராலிலிருந்து கார்டிசோலை உருவாக்கச் சொல்கிறது. புறணி கார்டிசோலைச் சேமித்து வைப்பதில்லை. கேட்டபோதுதான் செய்யத் தொடங்குகிறது. அதனால்தான் இரத்தத்தில் கார்டிசோல் உயரச் சில நிமிடங்களும், உச்சத்தைத் தொட ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்களும் ஆகின்றன.

உங்கள் கையில் இருக்கும் அறிக்கை இந்த வரிசையின் கடைசிப் பொருளை மட்டும், அதுவும் நாய் ஓய்வாக இருந்த ஒரு நேரத்தில், அளந்திருக்கிறது. மழையில்லாத நாளில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, அணையின் மதகுகள் பழுதில்லாமல் இருக்கின்றன என்று சொல்வதைப் போன்றது அது. மதகைத் திறப்பதும் மூடுவதும் மேலே, பெப்டைடுகளின் கையில் இருக்கிறது.

நியூரோபெப்டைடு என்பது நியூரான் தயாரிக்கும் சிறு அமினோ அமிலத் தொடர். குளூட்டமேட் போன்ற வழக்கமான நரம்புக் கடத்திகள் மில்லி விநாடிகளில் வேலையை முடித்துவிடும். உடனே திரும்ப உறிஞ்சப்படும். பெப்டைடுகள் வேறு மாதிரி. அவை தனி நுண்பைகளில் அடைக்கப்பட்டிருக்கும். நியூரான் தொடர்ந்து, வேகமாகத் துடித்தால்தான் பெரும்பாலும் வெளிவரும். வெளிவந்தவை திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. நொதிகள் சிதைக்கும்வரை அக்கம்பக்கம் பரவி, நிமிடக்கணக்கில் வேலை செய்யும். இதனால், ஒரு கணத்தின் செய்தியை விட ஒரு நிலையை அறிவிப்பதற்கே அவை பொருத்தமானவை. ஆபத்து, பசி, தாய்மை, துணை அருகில் இருப்பது ஆகிய நிலைகளுக்கெல்லாம் பெப்டைடுகள் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சி.ஆர்.எச். இருக்கிறது என்பது 1955-இல் தெரிந்துவிட்டது. ரோஜர் கில்லமினும் ரோசன்பெர்க்கும் ஒரு பக்கம், முர்ரே சஃப்ரனும் ஆண்ட்ரூ ஷாலியும் இன்னொரு பக்கம், ஹைபோதலாமஸில் உள்ள ஏதோ ஒரு பொருள் பிட்யூட்டரியைத் தூண்டுவதை அதே ஆண்டில் தனித்தனியாகக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பொருளைப் பிடிக்க முடியவில்லை. கில்லமினும் ஷாலியும் அதைத் தேடி அலுத்து, வேறு ஹைபோதலாமஸ் பெப்டைடுகளைக் கண்டறிந்து 1977-இல் நோபல் பரிசே பெற்றுவிட்டார்கள், சி.ஆர்.எச். மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 1981-இல்தான் சால்க் ஆய்வகத்தின் வைலி வேலும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 5 லட்சம் செம்மறியாடுகளின் ஹைபோதலாமஸ் திசுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 41 அமினோ அமிலங்களின் வரிசையை எழுதினார்கள். ஒரு மூளையில் அது எவ்வளவு சொற்பமாக இருக்கிறது என்பதை இந்த எண்ணிக்கையிலிருந்தே உணரலாம். காப்பகத்தில் எடுக்கும் இரத்த மாதிரியில் சி.ஆர்.எச்.-ஐ அளந்து நாயின் நிலையை அறிய முடியுமா என்று யாரேனும் கேட்டால், முடியாது என்பதற்கும் இதுவே காரணம். அந்த நுண்நாளங்களைத் தாண்டியதும் அது பொது இரத்த ஓட்டத்தில் கரைந்து காணாமல் போய்விடும்.

இனி உங்கள் நாய்க்கு வருவோம். இங்கே முக்கியமான பாத்திரம் சி.ஆர்.எச். அன்று, அதன் கூட்டாளியான வாசோபிரசின். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடைச் சிறுநீரகம் நீரைச் சேமிக்க உதவும் ஹார்மோனாகவே பலர் அறிவார்கள். ஆனால் சி.ஆர்.எச். தயாரிக்கும் அதே நியூரான்கள் வாசோபிரசினையும் தயாரிக்கக்கூடியவை. எலியில் வாசோபிரசின் தனியே ஏ.சி.டி.எச்.-ஐ வெளியேற்றுவதில் பலவீனமானது, சி.ஆர்.எச்.-உடன் சேர்ந்தால், இரண்டின் தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வருவதைவிடப் பன்மடங்கு ஏ.சி.டி.எச். வெளியாகிறது. பிட்யூட்டரி செல்லில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பிகள், அதாவது செய்தியைப் பெறும் புரதங்கள், இருப்பதுதான் காரணம். சி.ஆர்.எச். சுழற்சி ஏ.எம்.பி. என்ற உட்தூதுவரை உயர்த்துகிறது. வாசோபிரசின் வி1பி என்ற ஏற்பி வழியாகச் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

நீண்ட காலம் அல்லது திரும்பத் திரும்ப அழுத்தத்துக்கு உள்ளான எலிகளின் மூளையை ஆராய்ந்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். சி.ஆர்.எச். நியூரான்களில் முன்பு கொஞ்சமே வாசோபிரசின் வைத்திருந்தவை இப்போது அதை நிறையத் தயாரித்து, நுனிகளில் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தன. அந்த எலிகளின் ஓய்வுநிலை ஹார்மோன் அளவு பெரிதாக மாறியிராமலும் இருக்கலாம். பழகிவிட்ட அதே அழுத்தத்துக்கு அவற்றின் எதிர்வினை குறைந்தும் விடுகிறது. ஆனால் இதுவரை பார்க்காத ஒன்றை முன்னால் வைத்தால், அழுத்தத்துக்கு உள்ளாகாத எலியைவிடக் கூடுதலான ஹார்மோன் பொங்கி வருகிறது. மேரி டால்மன் தம் சகாக்களுடன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பழையதற்குப் பழகுவதும் புதியதற்குக் கூர்மையாவதும் ஒரே விலங்கில், ஒரே நேரத்தில் நடக்கின்றன.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். உங்களிடமும் தினமும் உணவு வைப்பவரிடமும் அந்த நாய் அமைதியாக இருப்பது உண்மையான அமைதி. கதவோசைக்கு அது நடுங்குவதும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை.

எலியில் கண்டதை அப்படியே எல்லா விலங்குக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். செம்மறியாட்டில் வாசோபிரசின் தனியாகவே வலுவான தூண்டி. பன்றியின் வாசோபிரசினில் ஒரு அமினோ அமிலம் மற்றப் பாலூட்டிகளிலிருந்து மாறுபடுகிறது. பறவைகளில் அதன் இடத்தில் வாசோடோசின் இருக்கிறது. பெரும்பாலான எலும்பு மீன்களில் அந்த நுண்நாளப் பாதையே இல்லை; நியூரான்களின் நுனிகள் நேராகப் பிட்யூட்டரிக்குள் நுழைந்துவிடுகின்றன. கடைசியில் வரும் ஹார்மோனும் ஒன்றல்ல: நாய், மாடு, பன்றி, குதிரை, மீன் ஆகியவற்றில் முதன்மையானது கார்டிசோல், எலி, பறவை, தவளை, பல்லி ஆகியவற்றில் கார்டிகோஸ்டீரான். இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவிலும் சி.ஆர்.எச். குடும்பம் மட்டும் முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துவருகிறது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. வட அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் ஸ்பேட்ஃபுட் என்னும் தேரை மழைக்குட்டைகளில் முட்டையிடும். குட்டை வற்றத் தொடங்கினால் தலைப்பிரட்டைகள் இருவழியில் ஒன்றைத்தான் தேர முடியும்: வேகமாகத் தேரையாக மாறுவது, அல்லது காய்ந்து சாவது. நீர் குறையும்போது அவற்றின் ஹைபோதலாமஸில் சி.ஆர்.எச். உயர்கிறது என்று ராபர்ட் டென்வர் காட்டினார். பாலூட்டிகளில் அட்ரீனலைத் தூண்டும் அந்தப் பெப்டைடு, தலைப்பிரட்டையில் தைராய்டு சுரப்பியை இயக்கும் ஹார்மோன் வரிசையையும் சேர்த்துத் தூண்டுகிறது. தைராய்டு ஹார்மோனும் கார்டிகோஸ்டீரானும் கைகோத்து உருமாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. கால்கள் முளைத்து, வால் கரைந்து, குட்டை வற்றும் முன்னே சிறு தேரை கரையேறிவிடுகிறது. அழுத்த ஹார்மோன் என்றதும் அதை நோயின் பெயராக மட்டும் நினைப்பவர்களுக்கு இந்தத் தேரையைத்தான் எடுத்துக்காட்டுவேன். உங்கள் நாயின் மூளையும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்ற ஒன்றைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது கேள்வியின் கடினமான பகுதி. அளவுக்கு மீறிக் கார்டிசோல் சுரந்தால் அதுவே திரும்ப ஹைபோதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் போய்ச் சி.ஆர்.எச்., ஏ.சி.டி.எச். இரண்டையும் அடக்கும். பாடநூலில் இருப்பது இதுதான். ஆனால் சி.ஆர்.எச். ஹைபோதலாமஸில் மட்டும் இல்லை. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவின் மையப் பகுதியிலும் இருக்கிறது. அங்கே கதை தலைகீழ்: எலியில் கார்டிகோஸ்டீரான் உயர்ந்தால் அமிக்டலாவில் சி.ஆர்.எச். உற்பத்தி குறைவதில்லை, கூடுகிறது. ஒரே ஹார்மோன், ஒரே பெப்டைடு. ஓரிடத்தில் கடிவாளம், இன்னோரிடத்தில் சாட்டை.

அமிக்டலாவின் சி.ஆர்.எச். இரத்தத்துக்கு வருவதே இல்லை. அதன் வேலை மூளைக்குள்ளேயே முடிகிறது: விழிப்பைக் கூட்டுவது, திடுக்கிடலைக் கூட்டுவது, உறைந்து நிற்கச் செய்வது. பிட்யூட்டரி அகற்றப்பட்ட எலிகளின் மூளைக்குள் சி.ஆர்.எச்.-ஐச் செலுத்தியபோதும் அவற்றின் நடத்தை மாறியது. அதாவது, ஏ.சி.டி.எச்.-உம் அதைத் தொடரும் ஹார்மோன் ஏற்றமும் இல்லாமலே இந்தப் பெப்டைடால் விலங்கின் நடத்தையை மாற்ற முடியும். காப்பகத்துக்கு வந்த முதல் நாட்களில் உங்கள் நாயின் உடலில் ஓடிய அந்த மிகையான கார்டிசோல், ஹைபோதலாமஸில் அடங்கிவிட்ட பிறகும், அமிக்டலாவில் ஒரு தடத்தை விட்டுச் சென்றிருக்கக்கூடும். எந்த இரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. நடுக்கம் காட்டும். மீள எடுத்துக்கொள்ளும் நேரம் காட்டும்.

இதற்கு எதிராக நிற்கும் பெப்டைடுகளும் உண்டு. நியூரோபெப்டைடு ஒய் என்பது 36 அமினோ அமிலங்கள் கொண்டது; கசுஹிகோ டாடெமோட்டோவும் விக்டர் முட்டும் 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அமிக்டலாவில் அது சி.ஆர்.எச்.-இன் விளைவை எதிர்த்து அச்சத்தைத் தணிக்கிறது. அப்படியானால் நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது: அதே பெப்டைடு பாராவென்ட்ரிகுலர் தொகுதியில் சி.ஆர்.எச். நியூரான்களைத் தூண்டவும் செய்கிறது. அங்கே அதற்குப் பசியுடன் தொடர்பு. பட்டினி கிடக்கும் எலியின் மூளையில் நியூரோபெப்டைடு ஒய் உயர்கிறது, கார்டிகோஸ்டீரானும் உயர்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் நடைமுறைப் பாடம் எளிது. அஞ்சும் விலங்கை "பசித்தால் தானாக வரும்" என்று பட்டினி போட்டுப் பழக்க முயலாதீர்கள். சில பயிற்சியாளர்கள் இதை இன்னும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

வலியைத் தணிக்கும் ஓபியாய்டு பெப்டைடுகளைப் பற்றி ஒரு சொல். ஏ.சி.டி.எச்.-உம் பீட்டா எண்டார்ஃபினும் ஒரே தாய்ப்புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. அழுத்தத்தின்போது பிட்யூட்டரி இரண்டையும் சேர்த்தே வெளியிடுகிறது என்று கில்லமின் குழுவினர் 1977-இல் காட்டினார்கள். மூளைக்குள்ளும் ஓபியாய்டுகள் வேலை செய்வதால், கடும் அச்சத்தில் இருக்கும் விலங்குக்கு வலி உணர்வு மங்கிவிடக்கூடும். தொட்டுப் பார்த்தபோது எதிர்ப்புக் காட்டவில்லை, ஆகவே வலி இல்லை என்று மூலையில் ஒடுங்கியிருக்கும் நாயைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். அது தளர்ந்து, அமைதியாக இருக்கும் வேளையில் மூட்டு, பல், காது ஆகியவற்றை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். மறைந்திருக்கும் வலி ஓசைக்கு அஞ்சும் நாயை இன்னும் அஞ்சவைக்கும்.

ஆக்ஸிடோசினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு நேரான பதில்: தெளிக்க வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆக்ஸிடோசின் மீது உங்களுக்கு வந்த நம்பிக்கை முற்றிலும் அடிப்படையற்றதல்ல.

பாலூட்டும் எலிகளில் அழுத்தத்துக்கு எழும் ஹார்மோன் எதிர்வினை வெகுவாகத் தணிந்திருக்கிறது. அதில் ஆக்ஸிடோசினுக்கும், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினுக்கும் பங்கு உண்டு. இதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது பிரேரி வோல் என்னும் சிறு கொறிவிலங்கில் செய்த ஆய்வு. இது ஒரே துணையுடன் வாழும் இயல்புடையது. ஆடம் ஸ்மித்தும் சுவோசின் வாங்கும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் வோல்களை அசைய முடியாதபடி சிறிது நேரம் கட்டுப்படுத்தி வைத்து, பிறகு சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைத் துணையுடனும் மீளவிட்டார்கள். தனித்து விடப்பட்டவற்றில் கார்டிகோஸ்டீரான் உயர்ந்து நின்றது. துணையுடன் இருந்தவற்றில் பாராவென்ட்ரிகுலர் தொகுதியிலேயே ஆக்ஸிடோசின் வெளியானது. கார்டிகோஸ்டீரான் உயர்வு தணிந்தது. ஆக்ஸிடோசின் ஏற்பியை அந்த இடத்தில் அடைத்துவிட்டால் துணை அருகில் இருந்தும் பயனில்லாமல் போயிற்று. ஆக, நம்பிக்கைக்குரிய ஒருவரின் அருகாமை சி.ஆர்.எச். நியூரான்கள் வாழும் அதே அறைக்குள் வேதிப்பொருளாக இறங்கி வேலை செய்கிறது.

இதை மூக்கில் தெளித்து நடத்திவிட முடியாதா என்றால், மூன்று தடைகளைப் பார்க்கிறேன். ஆக்ஸிடோசினும் வாசோபிரசினும் ஒன்பது அமினோ அமிலங்களில் இரண்டில் மட்டுமே வேறுபடுபவை. அளவு கூடினால் ஆக்ஸிடோசின் வாசோபிரசின் ஏற்பிகளிலும் போய் அமரும். அந்த ஏற்பிகள் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். அடுத்தது, துணையின் அருகாமை ஆக்ஸிடோசினைக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் வெளியிடுகிறது. தெளிப்பானுக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. மூன்றாவதே எனக்குப் பெரிதாகப் படுவது. ஆக்ஸிடோசின் எப்போதும் அமைதி தருவதில்லை. சண்டையில் தோற்கடிக்கப்பட்ட கலிஃபோர்னியா சுண்டெலிப் பெண்களில், மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கும் ஆக்ஸிடோசின் புதியவரிடமிருந்து ஒதுங்கும் நடத்தையை உண்டாக்குகிறது. உங்கள் நாயின் கடந்த காலம் நமக்குத் தெரியாது. புதியவரைக் கண்டு ஒடுங்கும் விலங்கில் அதைப் பரிசோதித்துப் பார்க்க நான் துணிய மாட்டேன். வாய்வழியாகக் கொடுக்கும் பெப்டைடு மருந்துப்பொடிகளை வாங்கவே வாங்காதீர்கள். ஆக்ஸிடோசின் போன்றவை வயிற்றிலும் குடலிலும் சாதாரணப் புரதத்தைப் போலச் செரித்துவிடும்.

நாயின் சொந்த ஆக்ஸிடோசினுக்கு வழிவிடுவது வேறு விஷயம். நாயும் அதன் உரிமையாளரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவரின் சிறுநீரிலும் ஆக்ஸிடோசின் உயர்வதாக ஜப்பானில் மிஹோ நகசாவாவும் குழுவினரும் 2015-இல் கண்டார்கள். ஆனால் அது உறவு இருக்கும் இடத்தில் நடந்தது. அஞ்சும் நாயின் முகத்துக்கு நேராகக் குனிந்து கண்ணுக்குள் பார்த்தால் அது அச்சுறுத்தலாகவே முடியும். உறவு முதலில், பார்வை பிறகு.

என்ன செய்யலாம் என்று இப்போது சொல்கிறேன். புதியவை அந்த நாயைத் தாக்கும் விதத்தை மாற்றுங்கள். 1970-களில் ஜே வைஸ் செய்த எலி ஆய்வுகளில், ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்ற எலிகளில், முன்னறிவிப்பு ஒலி கேட்டவற்றின் வயிற்றுப்புண் முன்னறிவிப்பில்லாதவற்றைவிட மிகக் குறைவாக இருந்தது. அதிர்ச்சி அதே, அது எப்போது வரும், எப்போது வராது என்று தெரிந்ததுதான் வேறுபாடு. இரக்கமற்ற ஆய்வுதான், ஆனால் அது கற்றுத்தந்ததை வீணாக்கக் கூடாது. கதவை மூடுவதற்கு முன் ஒரே குரலில் ஒரே சொல்லை எப்போதும் சொல்லுங்கள். முடிந்தால் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள். நாய் ஒளிந்துகொள்ள மூடிய, இருண்ட இடம் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். அதற்குள் கைவிட்டு இழுத்து வெளியே கொண்டுவருவதை எல்லோரும் நிறுத்த வேண்டும். தப்பிக்க ஓரிடம் இருக்கிறது என்று தெரிந்த விலங்குதான் அங்கிருந்து விரைவில் வெளியே வரும்.

புதியவர்கள் வரும்போது நம்பிக்கைக்குரிய ஒருவர், முடிந்தால் நீங்களே, அருகில் இருங்கள். பேச வேண்டாம், தடவிக்கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நாய் விரும்பி வந்து சாய்ந்தால் தடவுங்கள். துணிச்சலான, சண்டையிடாத இன்னொரு நாயுடன் நட்பு உண்டானால் அதைவிட நல்லது இல்லை. புதியவர் எதிரே வராமல் பக்கவாட்டில் அமர்ந்து, உணவுத்துண்டை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகட்டும். ஒருநாளில் ஒரு புதியவர் போதும். நடுக்கம் நின்று, வால் தளர்ந்து, உணவை எடுக்கும் நிலை வந்தபிறகுதான் அடுத்தவர். பத்துப் பேரை ஒரே நாளில் பார்த்தால் பழகிவிடும் என்ற யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். அது அந்த நியூரான்களை மேலும் கூர்மையாக்கும் வழி.

இவ்வளவு செய்தும் சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது நாய் உணவை மறுத்தால், தன்னையே கடித்துக்கொண்டால், மருந்துக்குத் தயங்காதீர்கள். நாய்களின் அச்சத்துக்கு ஃபுளூவாக்செடின் போன்ற மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. நேரில் பரிசோதித்த மருத்துவரே அவற்றைத் தர வேண்டும். அவை பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். மருந்து என்பது தோல்வியின் அடையாளம் என்று நினைப்பவர்களால் பல நாய்கள் தேவையில்லாமல் துன்பப்படுகின்றன.

கார்டிசோலை மறுபடி அளக்க விரும்பினால் சிலவற்றைக் கவனியுங்கள். பிடித்து, அடக்கி, ஊசி குத்துவதே சில நிமிடங்களில் அளவை உயர்த்திவிடும். காட்டுப்பறவைகளில் ஆய்வு செய்பவர்கள் பிடித்த மூன்று நிமிடங்களுக்குள் இரத்தம் எடுக்கப் பாடுபடுவது அதனால்தான். கார்டிசோல் சீராக ஓடாமல் அலையலையாகச் சுரப்பதால், ஒரே நாளில் எடுத்த இரு மாதிரிகள்கூட வேறுபடலாம். சாணத்தில் உள்ள கார்டிசோல் சிதைபொருள்களை அளந்தால் பல மணி நேரத்தின் மொத்தம் கிடைக்கும். முடியில் அளந்தால் வாரங்கள், மாதங்களின் மொத்தம். நாயைப் பிடிக்காமலே எடுக்கக்கூடியது என்பதால் உங்கள் காப்பகத்துக்குச் சாண மாதிரியே ஏற்றது. ஆனால் நான் எண்ணை விட நேரத்தை நம்புவேன்: ஓசைக்குப் பிறகு நாய் மூலையைவிட்டு வெளியே வர எத்தனை நிமிடம், உணவை எடுக்க எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வாருங்கள். அந்த நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தால் நீங்கள் செய்வது மூளைவரை போய்ச் சேருகிறது.

கடைசியாக, மறக்காமல் விசாரிக்க வேண்டிய ஒன்று. இரண்டாவது பரிசோதனைக்கு முந்தைய வாரங்களில் தோல் அரிப்புக்கோ காது அழற்சிக்கோ அந்த நாய்க்கு ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை, களிம்பு, சொட்டு மருந்து ஏதேனும் கொடுக்கப்பட்டதா? கொடுத்திருந்தால், வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு சி.ஆர்.எச்.-ஐயும் ஏ.சி.டி.எச்.-ஐயும் அடக்கிவிட்டு, நாயின் சொந்தக் கார்டிசோலைக் குறைத்துக் காட்டியிருக்கும். பிரெட்னிசோலோனாக இருந்தால் அது பரிசோதனையிலேயே கார்டிசோல் போல எண்ணப்பட்டு அளவைக் கூட்டியும் காட்டியிருக்கலாம். இரண்டு வகையிலும் அந்த "இயல்பான" அளவை நம்ப முடியாது. அப்படி ஏதும் கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி, சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் இடைவெளிக்குப் பிறகு, ஏ.சி.டி.எச். கொடுத்து அட்ரீனலின் எதிர்வினையை அளக்கும் தூண்டல் பரிசோதனை தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.